பிள்ளைகள் திரட்டிய பணமும் பிள்ளைகளின் சம்மதமும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1890 மீற்றர் மேலே அமைந்தது பட்டிப்பொல. அந்தக் குளிர்ப் பிரதேசத்திலும் அதைச் சூழ்ந்த மலைநாட்டுத் தோட்டங்களிலும் பிள்ளைகள் பாடசாலைக்காகப் பணம் திரட்டுவது புதிய காரியம் அன்று. சிறுவர் சந்தையில் வீட்டுத் தோட்டத்துக் கரட்டையும் லீக்சையும் விற்றும், இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் வாணி விழாவுக்கும் லயம் லயமாகச் சென்று சேர்த்தும் அவர்கள் கொண்டுவரும் தொகை சிறியதே. ஆயினும் நாட்சம்பளத்தை நம்பிய குடும்பங்களின் கையிலிருந்து வந்த பணம் ஆதலால், அது எதற்காகச் செலவாகிறது, யாருடைய சம்மதத்தோடு செலவாகிறது, செலவானபின் யாருக்குக் கணக்குக் காட்டப்படுகிறது என்னும் கேள்விகள் சிரத்தையோடு விசாரிக்கத் தக்கவை.

மலையகத்துக்கு இவ்விசாரணை விசேஷமாகப் பொருந்தும். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பிறர் எழுதிய கணக்குக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள். கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டு என்னும் சீட்டில் எழுதி, அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே தொழிலாளியையும் ஒப்படைத்த முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அதுவரை, வாங்கியது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பதைத் தாமே ஏட்டில் வாசித்தறியும் வழி பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளை, தான் சேர்த்த பணத்தின் வரவு செலவைத் தானே வாசிக்கக் கற்பது எந்தப் பாடத்துக்கும் தாழ்ந்த கல்வி அன்று.

சட்டமும் மேற்பார்வையும் இல்லாமல் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியபின், அங்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஏற்பட்டன. அதிபர் தலைமையில் ஆசிரியரும் பெற்றோரும் கூடி நிதியை நிர்வகிக்கின்றனர். அரசுப் பாடசாலைகளின் கணக்குகள் கணக்காய்வுக்கு உட்பட்டவை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையால் பிரஜை எவரும் விவரம் கேட்கலாம். ஆனால் கணக்காய்வும் தகவல் கோரிக்கையும் செலவு நடந்து முடிந்தபின் பயன்படுபவை. பணத்தைத் திரட்டிய பிள்ளையிடம் முன்னதாகவே கேட்பது வேறு தர்மம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கல்விச் சட்டம் இதனைத் தெளிவாக உணர்ந்திருக்கிறது. மாணவர் அமைப்பின் நிதியிலிருந்து ஒவ்வொரு முறை செலவிடுவதற்கு முன்னரும், கல்வி நிர்வாகம் நியமித்த அலுவலர், பொறுப்பாசிரியர், மாணவர் பிரதிநிதி ஆகிய மூவரின் சம்மதமும் வேண்டும் என்பது அதன் விதி. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென விதித்து, மானியங்களின் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அக்குழுவிடம் கொடுத்தது.

நம்மால் இயலாத காரியம் இதில் ஒன்றுமில்லை. நம் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. அதன் பிரதிநிதி ஒருவர் கையொப்பமிடாமல் பிள்ளைகள் திரட்டிய பணத்தில் ஒரு ரூபாயும் எடுக்கப்படலாகாது என விதி செய்யலாம். சேர்க்கும்போதே நோக்கத்தை எழுதி அறிவித்தல், ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்தல், பணத்தை ஆசிரியர் மேசையில் வைக்காமல் உடனே வங்கியில் இடுதல், பெறுபவர் ஒருவர் பதிபவர் வேறொருவர் என்று பிரித்தல், வாங்கிய பொருளை இருப்பேட்டில் சேர்த்தல், தவணை முடிவில் காலைக் கூட்டத்தில் கணக்கை வாசித்து, அதை அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்டுதல் ஆகிய இவை போதும். நோக்கம் மாறவேண்டி வந்தால், பிள்ளைகளையும் பெற்றோரையும் மறுபடி கேட்பதே நியாயம்.

இவ்விதிகள் ஆசிரியரைச் சந்தேகிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. நேர்மையான ஆசிரியருக்கு வீண்பழி வராமல் காப்பது பற்றுச்சீட்டும் ஏடுமே. சான்று இல்லாதவிடத்தில் நல்லவரும் விளக்கம் சொல்லித் தவிக்க நேரும். திருவிழா முடிந்ததும் வரவு செலவை ஊரார் முன் வாசிக்க வேண்டுமென்று கோயில் கமிட்டியிடம் எதிர்பார்க்கும் நம் மக்கள், அதே எதிர்பார்ப்பைப் பாடசாலையிடமும் கொள்வதில் தவறில்லை. அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து, பிள்ளைகளின் கையொப்பத்துக்கும் செலவு ஏட்டில் இடம் வேண்டுமென ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். அதை ஆதரித்துக் கைதூக்குவது மற்றப் பெற்றோரின் கடமை.