ஒரே முகவரியில் இத்தனை கருவிகளா?

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் இறங்கும் ஃபைபர் வயர் ஒன்று. அதன் முனையில் இருக்கும் பெட்டிக்கு இணைய நிறுவனம் தரும் ஐபி முகவரியும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் கூடத்து டிவியில் படம் ஓடுகிறது. மகள் லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பில் இருக்கிறாள். சமையலறையில் போன் பாடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வருவதெல்லாம் அந்த ஒரே முகவரிக்குத்தான் வருகிறது. இருந்தும் பாட்டு டிவிக்குப் போவதில்லை, பாடம் போனுக்குப் போவதில்லை.

நாம் மோடம் என்று சொல்லிப் பழகிவிட்ட பெட்டிக்குள் இருக்கும் ரௌட்டர்தான் இப்படிப் பிரித்துக் கொடுக்கிறது. அது எப்படி என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வியப்பு கூடுகிறது.

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டரே ஓர் எண் கொடுக்கிறது. உங்கள் போனுக்கு 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு டிவிக்கும் இதே எண் இருக்கலாம், பாதகமில்லை. 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்ளுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவை செல்லாது.

போன் ஒரு பாட்டைக் கேட்டு ஒரு பாக்கெட், அதாவது சிறு தகவல் துண்டு, அனுப்புகிறது. அதில் அனுப்புநர் 192.168.1.5, போனுக்குள் எந்த இணைப்பு என்று காட்டும் போர்ட் எண் 51000 என்று இருக்கிறது. ரௌட்டர் அதை எடுத்துவிட்டு, வீட்டின் பொது முகவரியையும் 62001 போல ஒரு புதிய போர்ட் எண்ணையும் எழுதுகிறது. ‘62001 வந்தால் 192.168.1.5, 51000’ என்று தன் அட்டவணையில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. முகவரி மாறியதால் பாக்கெட்டில் உள்ள சரிபார்ப்பு எண்ணையும் கணக்கிட்டுத் திருத்துகிறது. பதில் 62001-க்கு வந்ததும் அட்டவணையைப் பார்த்து, பழைய விலாசத்தைப் போட்டு போனுக்குத் தள்ளுகிறது. நடுவில் ஒருவர் கைவைத்தது போனுக்கும் தெரியாது, பாட்டு அனுப்பிய சர்வருக்கும் தெரியாது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு படம் இறங்கும்போது, பாக்கெட்டுக்கு 1,500 பைட் என்று வைத்தால், நொடிக்கு எட்டாயிரம் தடவைக்கு மேல் இது நடக்கிறது.

இந்த ஏற்பாடு நிரந்தரமாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 1981-இல் ஐபி விதிமுறை வெளியானபோது முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். அன்றைய இணையத்தில் இருந்த சில நூறு கணினிகளுக்கு அது கடல். தொண்ணூறுகளில் எண்கள் தீர்ந்துபோகும் என்ற பயம் வந்தது. 1994 மே மாதம் கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் முகவரியை மாற்றி எழுதும் இந்த யோசனையை வெளியிட்டார்கள். குறுகிய காலத் தீர்வு என்றே அவர்கள் சொன்னார்கள். அது வளர்ந்து, போர்ட் எண்ணையும் சேர்த்து மாற்றும் முறையாகி, இன்று வீட்டுக்கு வீடு ஓடுகிறது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த முகவரிகள் தீர்ந்தன. அப்போதும் இணையம் நிற்கவில்லை என்றால், அதில் இந்த ஒட்டுவேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் இதற்கு நாம் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. அட்டவணையில் வரி எழுதப்படுவது உள்ளிருந்து ஒரு பாக்கெட் வெளியே போகும்போதுதான். வெளியிலிருந்து யாரோ தானாக அனுப்பினால் அது யாருக்கு என்று ரௌட்டருக்குத் தெரியாது, கைவிட்டுவிடும். வீட்டுக்கு இது ஓரளவு காவல்தான். ஆனால் இரண்டு வீடுகள் நேராகப் பேசிக்கொள்வது கடினமாகிவிட்டது. வீடியோ கால் செய்யும்போது ஒரு மூன்றாவது சர்வர் இரு தரப்புக்கும் மற்றவரின் வெளி முகவரியைச் சொல்கிறது. இருவரும் ஒரே சமயத்தில் எதிரெதிரே பாக்கெட் அனுப்பி, இரண்டு அட்டவணையிலும் வரி எழுத வைக்கிறார்கள். அதன் பிறகே வழி திறக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் முழுப் பேச்சும் ஒரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும்.

இன்னொன்றும் நடக்கிறது. பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. உங்கள் ரௌட்டர் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்களுக்கு மேலே இன்னொரு அட்டவணை இருக்கிறது என்று பொருள். வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து நேராகப் பார்க்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தீர்வு எப்போதோ வந்துவிட்டது. ஐபிவி6 முகவரிக்கு 128 பிட். ஒவ்வொரு கருவிக்கும் உலகில் வேறெங்கும் இல்லாத சொந்த எண் கொடுக்கலாம். அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனாலும் பல வீட்டுப் பெட்டிகளில் அந்த வசதி அணைந்தே கிடக்கிறது. உங்கள் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஐபிவி6 இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அட்டவணை தந்த காவல் இதில் இருக்காது என்பதால், வேண்டாத பாக்கெட்டுகளைத் தடுக்கும் ஃபயர்வாலை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.