வேலையில் அடிபட்டால் பணம் வரும்... வேலை திரும்ப வருமா? தாம்பரம் தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்

தாம்பரத்தில் ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாநகர் போக்குவரத்துக் கழக பஸ் டிரைவர். இன்னொருவர் சானடோரியம் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுபவர். ரெண்டு பேருக்கும் வேலை நேரத்தில் கையில் பலத்த அடி. சிகிச்சை முடிந்ததும் ரெண்டு பேரிடமும் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: "இனிமே பழைய வேலை கஷ்டம்."

டிரைவருக்கு வேறு வேலை கொடுத்தே ஆக வேண்டும். சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிரஸ் ஆபரேட்டருக்கு பணம் வரும், வேலை மட்டும் முதலாளியின் மனசைப் பொறுத்தது.

ஒரே ஊர், ஒரே மாதிரி காயம். ஏன் இந்த வித்தியாசம்? தனியார் தொழிலாளிக்கு என்னதான் கிடைக்கும்?

முதலில் ஒரு குறிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இ.எஸ்.ஐ. சட்டம், இழப்பீட்டுச் சட்டம் எல்லாம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கம். இடைப்பட்ட காலத்தில் பழைய விதிகளும் திட்டங்களும் தொடரும் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அதனால் எல்லோருக்கும் பழகிய பழைய பெயர்களிலேயே பார்ப்போம்.

அடிபட்ட அன்றைக்கு என்ன நடக்கிறது?

1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், குரோம்பேட்டை, பல்லாவரம் தோல் தொழில், கிண்டி எஸ்டேட், ஒரகடம் வரை போகும் கம்பெனி பஸ்கள் என்று தென்சென்னை புறநகரில் ஷிப்ட் வேலைக்குப் போகாத தெருவே இல்லை. இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு முதல் பாதுகாப்பு இ.எஸ்.ஐ.தான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி ஊழியர் என்றால் 25,000 வரை. சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சாதாரண காய்ச்சல், ஆபரேஷன் என்று லீவு போட்டால் இ.எஸ்.ஐ. பணம் வாங்குவதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. வேலையில் அடிபட்டால் அந்தக் கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாளே மிஷினில் கை மாட்டினாலும் உரிமை உண்டு.

ஆனால் நடப்பது வேறு. ஹரியானா ஆட்டோ பாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களுக்காக வேலை செய்யும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019-ல் இருந்து அறிக்கைகள் வெளியிடுகிறது. அடிபட்ட தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்கு இ.எஸ்.ஐ. கார்டே விபத்து நடந்த பிறகுதான் கைக்கு வந்திருக்கிறது என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் தகவல். அங்கே மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, காப்பீட்டு எண் என்ன என்று இன்றைக்கே பார்த்து வைப்பது நல்லது. கான்ட்ராக்ட் ஆள் என்றாலும் இது பொருந்தும். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் அந்த சந்தாவுக்கு மெயின் கம்பெனிதான் பொறுப்பு.

அடுத்தது ஆஸ்பத்திரி வாசலில் நடக்கும் ஒரு சின்ன விஷயம். "தம்பி, வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுப்பா, செலவை நாங்க பாத்துக்கறோம்" என்று சூப்பர்வைசர் காதில் சொல்வது உண்டு. அந்த நேரத்து வலியில் இது உதவி மாதிரிதான் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் 'வீட்டில் விழுந்தவர்' என்று ஒரு வரி ஏறிவிட்டால், பிறகு அது கம்பெனியில் நடந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. எங்கே, எந்த மிஷினில், எத்தனை மணிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லி எழுத வைக்க வேண்டும்.

கம்பெனிக்கும் கடமை இருக்கிறது. விபத்துப் புத்தகத்தில் பதிய வேண்டும். படிவம் 12-ல் இ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பலத்த காயம் என்றால் உடனே, மற்ற காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள். அந்த அறிக்கையின் நகல் ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எவ்வளவு வரும்?

கணக்குக்காக, மாதச் சம்பளம் 15,000 ரூபாய், சராசரி தினக்கூலி 500 ரூபாய், வயது 30 என்று எடுத்துக்கொள்வோம்.

காயத்தால் குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் இ.எஸ்.ஐ. தினக்கூலியில் 90 சதவீதம் தரும். விபத்து நடந்த நாள் இந்தக் கணக்கில் சேராது. நாளுக்கு 450, முப்பது நாளுக்கு 13,500 ரூபாய். டாக்டர் சான்று தரும் வரை இது தொடரும். சிகிச்சைச் செலவு தனி, அதையும் இ.எஸ்.ஐ.யே பார்க்கும். இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

காயம் ஆறினாலும் குறை நிரந்தரம் என்றால் மருத்துவ வாரியம் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போச்சு என்று முடிவு செய்யும். சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம். கட்டை விரல் என்றால் 30. ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50. நம்ம கணக்கில் ஆள்காட்டி விரல் போனவருக்கு நாளுக்கு 63 ரூபாய், மாதம் சுமார் 1,890 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் ஆயுள் முழுக்க வரும். வேலைக்குத் திரும்பிச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது. "வேலைக்குப் போனா பென்ஷன் கட் ஆயிடும்" என்று பயந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வாரியம் போட்ட சதவீதம் குறைவு என்று பட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ, தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு?

அவர்களுக்கு 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். இங்கே பணம் தர வேண்டியது முதலாளி. அதே 30 வயது ஆள், அதே ஆள்காட்டி விரல் என்றால் மொத்தமாகச் சுமார் 2,62,000 ரூபாய் வரும். சம்பளத்தில் 60 சதவீதத்தை, 30 வயதுக்கு உரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் கிடைக்கும் தொகை இது. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2020 ஜனவரியில் வைத்தது அது.

ஒரே தடவையில் பெரிய தொகை என்பதால் இதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் படுக்கையில் இருக்கும் மாதங்களுக்கு இந்தச் சட்டம் தருவது 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு, அதாவது மாதம் 7,500. இ.எஸ்.ஐ.யில் 13,500. மருத்துவச் செலவையும் முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டும். அவர் தராவிட்டால் தொழிலாளர் துறை ஆணையர் முன் வழக்கு. அதற்கு இரண்டு வருட கெடு. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும், சரியான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்?

காலை 7 மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் பைக் ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் புரியும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால் வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்த்தார்கள். இழப்பீட்டுச் சட்டத்தில் இது தெளிவாக இல்லாமல் இருந்தது. மகாராஷ்டிராவில் 2003-ல் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் டியூட்டிக்குப் போகும் வழியில் இறந்த வழக்கில், அந்தச் சட்டத்துக்கும் இதே அர்த்தம்தான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் குடும்பம் காத்திருந்தது 22 வருஷம்.

டெலிவரி வேலை பார்ப்பவர்களின் நிலை வேறு. தமிழ்நாட்டில் அவர்களுக்கு 2023-ல் தனி நலவாரியம் வந்தது, இ.எஸ்.ஐ. மாதிரி மாதா மாதம் கூலி தரும் ஏற்பாடு அது இல்லை.

வேலைக்குத் திரும்பும் நாள்

விஷயம் சிக்கலாவது இங்கேதான். சிகிச்சையில் இருந்து இ.எஸ்.ஐ. பணம் வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது என்கிறது இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு. ஃபிட் சர்டிஃபிகேட் கையில் வந்ததும் அந்தப் பாதுகாப்பு முடிகிறது. மறுநாள் காலை அதே பவர் பிரஸ் முன்னால் போய் நிற்க வேண்டும். பேக்கிங்கிலோ ஸ்டோர்ஸிலோ லைட் டூட்டி கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் வழி கிடையாது. ஒரு நாள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினால் அந்த நாளுக்கு தற்காலிகத் தொகை இல்லை. அரை நாள் வேலை, மீதிக்கு இ.எஸ்.ஐ. என்ற ஏற்பாடே இல்லை. ஒன்று முழு நோயாளி, இல்லை முழு ஆள். கை பழகுவதற்கு நடுவில் ஒரு மாதம் தேவைப்படும் என்பதை இந்த அமைப்பு யோசிக்கவே இல்லை.

இது செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. நிறைய தமிழர்கள் வேலை பார்க்கும் மலேசியாவில், அங்கத்திய இ.எஸ்.ஐ. மாதிரியான பெர்கேசோ அமைப்பு 2007-லேயே வேலைக்குத் திரும்பும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அடிபட்டவருக்கு ஒரு தனி அலுவலர் இருப்பார். அவர் டாக்டரிடமும் பேசுவார், முதலாளியிடமும் பேசுவார். பழைய வேலையா, மாற்றிய வேலையா, புது இடமா என்று முடிவு செய்ய உதவுவார். ஜெர்மனியில் ஒரு வருடத்தில் ஆறு வாரத்துக்கு மேல் நோயில் இருந்த ஊழியரை எப்படித் திரும்ப வேலையில் சேர்ப்பது என்று பேச வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை.

அப்படியானால் முதலில் சொன்ன பஸ் டிரைவருக்கு மட்டும் எப்படி? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-வது பிரிவுதான் காரணம். பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் காலியாகும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் இந்த வரி 'அரசு நிறுவனங்களுக்கு' மட்டும். மாநகர் போக்குவரத்துக் கழகம், ரயில்வே, மாநகராட்சி இதற்குள் வரும். ஏற்றுமதி மண்டலத்துத் தனியார் யூனிட் வராது.

தனியாரிடம் என்ன கேட்கலாம்? இதே சட்டத்தின் 21-வது பிரிவுப்படி எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் தனியார் கம்பெனி, மாற்றுத்திறனாளிகளுக்கு எந்தெந்தப் பணியிடம் பொருந்தும் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். லைட் டூட்டிக்கு மனு எழுதும்போது அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டு, அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம். வாய்ப்பேச்சை விட இதற்கு எடை அதிகம்.

பழைய தொழிலே முடியாது என்றால் வேறு தொழில் கற்க இ.எஸ்.ஐ.யில் உதவி உண்டு. வேலைக் காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம், வயது 45-க்குள் என்றால் பயிற்சிக் கட்டணம் அல்லது நாளுக்கு 123 ரூபாய், இதில் எது அதிகமோ அது. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் கிண்டியில் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து ஒரே மின்சார ரயில். செயற்கைக் கை, கால் விஷயத்துக்கு கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை உண்டு.

வேலையே போய்விட்டால்?

தொடர்ந்த உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்தினால் சட்டப்படி அது 'ஆட்குறைப்பு' ஆகாது. ஆட்குறைப்பு இழப்பீடும் வராது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும். 'சொந்தக் காரணத்தால் ராஜினாமா' என்று நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் இருக்கும் உரிமையும் சிக்கலாகும். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருட சர்வீஸ் வேண்டும் என்பது பொது விதி, ஆனால் ஊனத்தால் வேலை முடிந்தால் அந்த ஐந்து வருடக் கணக்கு கிடையாது. ரெண்டு வருஷம்தான் ஆச்சு என்றாலும் கேட்கலாம். வேலைக் காயத்தின் நிரந்தர ஊனத்தால் வேலையை விட்டவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும்.

இ.எஸ்.ஐ. சந்தேகங்களுக்கு கட்டணமில்லாத எண் 1800-11-2526. போன் செய்யும்போது காப்பீட்டு எண்ணையும் விபத்து நடந்த தேதியையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.