நாற்றங்காலிலிருந்து நெடுமரத்திற்கு



2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. மறுநாள் கரையோரச் சாலைகளில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. காற்று எல்லா மரங்கள்மீதும் வீசியது. எல்லா மரங்களும் விழவில்லை. விழுந்தவை ஏன் விழுந்தன?

விடைகளுள் ஒன்று நாற்றங்காலில் இருக்கிறது. பாலித்தீன் பையில் ஒரு நாற்றை அளவுக்கு மீறி வைத்திருந்தால், இடம் காணாத வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுருளும். சுருளைப் பிரித்துவிடாமல் நட்டால், மரம் உயர்ந்து வளர்ந்தாலும் வேர் நாற்புறமும் பரவி மண்ணைப் பற்றாது. நட்டவர் செய்த பிழையைப் பல ஆண்டுகள் கழித்து வரும் புயல் வெளிப்படுத்தும்.

ஆகவே, மரங்களைப் பேணும் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர், முதலில் ரம்பத்தை அன்று, விதையைக் கையில் எடுத்தல் நன்று. சிறு நாற்றுப் பண்ணை தொடங்கச் சில சென்ட் நிலமும், நிழலும், நல்ல தண்ணீரும் போதும். செம்மண், மணல், தொழுவுரம் மூன்றையும் கலந்து பைகளை நிரப்பலாம். வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். எனவே பழுத்து உதிர்ந்ததும் சேகரித்து உடனே விதைக்க வேண்டும். சவுக்கு விதை மிக மெல்லியது. எறும்பு தூக்கிச் செல்லாமல் காக்க வேண்டும். உப்புக் காற்று வீசும் மணற்கரைக்குப் புன்னையும் பூவரசும் பொருந்தும். இவற்றை அறிந்தவனே எந்த மரத்தை எங்கே நடுவது என்று பிறருக்குச் சொல்ல வல்லவனாவான்.

இதற்கோர் எடுத்துக்காட்டு செங்கற்பட்டு வட்டாரத்திலேயே உண்டு. 1986-இல் தொடங்கப்பெற்ற இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம், தண்டரையில் மூலிகை நாற்றுகளை வளர்த்து விற்று வருகிறது. காட்டில் வாழ்ந்தோர் வழிவழியாகப் பெற்ற செடியறிவு அங்கே பிழைப்புக்குரிய தொழிலாயிற்று. முதலீட்டினும் அறிவே முதலாவது என்பதற்கு இது சான்று.

நாற்று வாங்கியவர், அதனை நட்டுத் தரவும் கேட்பார். பின்னர் மாதந்தோறும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும் அழைப்பார். கடற்கரைச் சாலையோரத்து வீடுகளும் விடுதிகளும் இத்தகைய வேலைக்கு இடமளிப்பவை. மாதவருவாய் ஒருவாறு நிலைத்தபின், கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கலாம். ஆண்டுகள் செல்ல, வளர்ந்த மரத்தைக் கவாத்துச் செய்யும் பொறுப்பும் அவ்வீடுகளிலிருந்தே வந்து சேரும்.

அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மரத்தின் தலையை மொட்டையாக வெட்டினால், வெட்டிய இடத்தில் வலுவற்ற போத்துகள் கூட்டமாகக் கிளைக்கும். அவையே அடுத்த காற்றில் முறியும். கனத்த கிளையை மூன்று வெட்டுகளில் நீக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு முழம் தள்ளி, முதலில் அடிப்புறத்தில் பாதியளவு அறுக்க வேண்டும். அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்தால், பட்டை உரியாமல் கிளை விழும். எஞ்சிய முளையைக் கிளையடியின் தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல் வெட்ட வேண்டும். அவ்வளையமே புண்ணை மூடி ஆற்றுவது.

உயரத்தில் ஏறுவதைத் தேர்ந்தவரிடம் பயிலுங்கள். வடமும் தலைக்கவசமும் இன்றி ஏறாதீர்கள். மின்கம்பிக்கு அருகே மின்சாரம் நிறுத்தப்படாமல் கைவைக்காதீர்கள். பொதுவிடத்து மரத்தை இசைவின்றி வெட்டுதல் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்ததையும் நினைவிற்கொள்ளுங்கள்.

வெட்டும் கூலி ஒரு நாளோடு முடியும். வளர்த்தவனுக்கோ அந்த மரம் நிற்கும் வரையில் வேலை உண்டு. நாற்றின் வேரைப் பார்த்துப் பழகிய கண்ணே நெடுமரத்தின் நோயையும் காணும். புயல் இக்கரைக்கு மீண்டும் வரும். அன்று நிமிர்ந்து நிற்க வேண்டிய மரங்கள், இன்று ஏதோ ஒரு நாற்றங்காலில் இரண்டிலை விட்டு நிற்கின்றன. அவற்றின் வேரை நேராக்கி நடுவதே இத்தொழிலின் முதற்பாடம்.