நாய் கடித்த பிள்ளைக்குத் தையலுக்கு முன் போட வேண்டிய ஊசி

இறால் தலையும் மீன் செவுளும் கொட்டுகிற இடத்தில் நாய்கள் கூடும். பழவேற்காட்டில் அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். பெரியவர்களை நாய் கடித்தால் பெரும்பாலும் காலில் கடிக்கும். நாலைந்து வயதுப் பிள்ளையின் முகமோ நாயின் வாய் உயரத்திலேயே இருக்கிறது. அதனால் கன்னம், உதடு, காது, தலை என்று காயம் மேலே விழுகிறது.

அப்படிப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோர் முதலில் கேட்பது, "தையல் போட்டுவிடுங்கள், தழும்பு நிற்குமா?" என்பதுதான். பெண் பிள்ளை என்றால் கவலை இன்னும் அதிகம். அந்தக் கவலைக்கு இன்று நல்ல பதில் இருக்கிறது. ஆனால் வெறிநோய் என்கிற ரேபிஸ் வந்துவிட்டால் எந்த அறுவை மருத்துவராலும் காப்பாற்ற முடியாது. ஆகவே, எதை முதலில் செய்வது என்ற வரிசையைத்தான் நாம் மனப்பாடம் செய்ய வேண்டும்.

முதலில் கழுவுவது. குழாய் நீரிலோ குடத்து நீரிலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கொண்டு கழுவுவது நம் வீடுகளில் தெரிந்ததே. அந்த மண் பாத்திரத்துக்கு உரியது. காயத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும்.

அடுத்து மருத்துவமனை. இரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகச் சில நாட்கள் ஆகும். அதுவரை கிருமியை அந்த இடத்திலேயே மடக்க, இம்யூனோகுளோபுலின் என்னும் சீரத்தைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துவார்கள். தலையிலும் முகத்திலும் கடித்தால் கிருமிக்கு மூளை பக்கம். இந்த ஊசியைத் தள்ளிப் போடவே கூடாது. காயம் பல இருந்தால், பிள்ளையின் எடைக்குரிய மருந்தை உப்பு நீரில் கலந்து பெருக்கி, எல்லாக் காயத்துக்கும் போட முடியும். சீரம் போடாமல் தைத்தால் ஊசியும் நூலும் கிருமியை உள்ளே இறக்கிவிடலாம். தைப்பதற்கு முன்னால், "சீரம் போட்டாச்சா?" என்று கேட்க நாம் தயங்கக் கூடாது.

தடுப்பூசி என்றதும் நம் பெரியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிதான் ஞாபகம் வருகிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து 2004-உடன் நம் நாட்டில் நின்றுபோனது. இப்போது கையில் தோலுக்குள் போடும் சிறு ஊசிதான்: கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். கடைசி ஊசிக்குள் காயம் ஆறிவிடும். அதனாலேயே பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இனி அறுவை சிகிச்சை. நாய்க்கடியைத் தைக்கவே கூடாது, திறந்தே விட வேண்டும் என்பது பழைய வழக்கம். முகத்தில் அப்படி விட்டால் தசை கோணலாக ஆறும். இப்போது நன்றாகக் கழுவி, சீரம் செலுத்தி, சில மணி நேரம் விட்டு, தேவைப்பட்ட இடத்தில் தளர்வாகத் தைக்கிறார்கள். தானே கரையும் நூல் வந்துவிட்டதால், தையல் பிரிக்கும்போது பிள்ளை அலறுவதும் குறைந்திருக்கிறது. கைக்குழந்தையின் மண்டை ஓடு மெல்லியது. பல் அதைத் துளைத்திருக்கலாம் என்பதால் வெளியே சிறிய ஓட்டையாகத் தெரிந்தாலும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். காது, உதட்டுத் துண்டு பிய்ந்து விழுந்திருந்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கொண்டு போங்கள். பனிக்கட்டி நேரடியாகப் படக்கூடாது. மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களையும் நுண்ணோக்கி வைத்து இணைக்கும் காலம் இது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், பூங்காவில் இருந்த 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் தலையில் கடித்துக் குதறின. அந்தக் குழந்தைக்கு மருத்துவர்கள் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை செய்தார்கள். முடி இழந்த தலைப்பகுதி இருந்தால், பக்கத்துத் தோலுக்கு அடியில் பலூன் வைத்துச் சில வாரங்கள் விரித்து, முடியுள்ள தோலையே இழுத்து மூடும் முறையும் இன்று உண்டு. பிள்ளை வளரும்போது தழும்பு அதே அளவுக்கு வளராது. அதனால் ஒரே அறுவையோடு முடியாமல் சில வருடம் கழித்து மீண்டும் போக வேண்டியிருக்கலாம். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே குழந்தைகளுக்கென அறுவை சிகிச்சைத் துறை இருப்பது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. நாய்க்குட்டியின் பல் கீறியிருந்தாலும், ஆறாத புண்ணை நாய் நக்கியிருந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்குங்கள். ஓதிப் பார்க்க விரும்புவோர் தாராளமாக ஓதட்டும், ஊசி போட்ட பிறகு. நோன்பு நேரத்தில் கடிபட்ட பெரியவர்களும் மஃக்ரிப் வரை காத்திருக்க வேண்டாம். இத்தகைய ஊசியால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து.

இரவில் வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். அதுவும் தாமதமானால் பள்ளிவாசலில் சொல்லுங்கள். பொன்னேரிக்கோ சென்னைக்கோ போகும் செலவை அறக்கட்டளை ஏற்கும். எந்த மதத்துக் குடும்பம் என்று பார்ப்பதில்லை. மருத்துவமனைச் சீட்டைப் பிறகு கொண்டுவந்து கொடுத்தால் போதும்.