முன்பல் இடைவெளியும் பற்பாலமும்

என் உம்மாவின் மேல் முன்பற்கள் இயல்பிலேயே இடைவெளி உள்ளவை. அவற்றில் ஒன்றை அவர் இழந்ததால், பற்பாலம் பற்றித் தேடிப் படித்தேன்.

வழக்கமான பாலத்தில் இருபுறப் பற்களையும் அராவி, 3 உறைகளை ஒன்றாக இணைப்பர். இடைவெளி மறையும், பற்கள் அகன்று, சிரிப்பே அந்நியமாகத் தோன்றலாம்.

இடைவெளி வேண்டுமென்றால், ஒரு பக்கப் பல்லை மட்டும் பற்றி நிற்கும் பாலம் மறுபக்க இடைவெளியைக் காக்கும். தாடையெலும்பில் பதிக்கும் தனிப்பல் இரண்டையும் காக்கும். மூட விரும்பினால், மிகை அகலத்தை அயற்பற்களுக்கும் பகிரலாம். ஒளி தெறிக்கும் விளிம்புகளை நடுப்பக்கம் நெருக்கி அமைத்தால், அகன்ற பல்லும் ஒடுங்கித் தெரியும்.

அராவிய மிளிரி மீண்டும் வளராது. ஆகவே, அராவுமுன் மெழுகு மாதிரியைக் காட்டச் சொல்லுங்கள்; சிரித்தபடி எடுத்த பழைய புகைப்படமொன்றையும் கொண்டுசெல்லுங்கள். அந்த இடைவெளியும் முகத்தின் அடையாளமே.