படகைக் காக்கும் தண்ணீர்!

கல்லும் இரும்பும் ஈயமும் செய்த வேலையை ஏரித் தண்ணீர் செய்கிறது

அமெரிக்காவில் விடுமுறை நாட்களில் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம்.

முன்னால் கார் ஓடும். அதன் பின்னால் ஓர் இழுவை வண்டி ஓடும். வண்டியின் மேல் பாய்மரப் படகு ஒன்று உட்கார்ந்திருக்கும்! ஏரிக்கரை வந்ததும் படகைத் தண்ணீரில் இறக்குவார்கள். படுக்க வைத்திருந்த பாய்மரத்தை நிமிர்த்துவார்கள். பாயை விரித்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவார்கள். மாலையில் படகும் அவர்களோடு வீடு திரும்பும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு.

தண்ணீரில் போகும் படகுக்கு அடியில் கனம் வேண்டும். இல்லாவிட்டால் காற்று அதைக் கவிழ்த்துவிடும். சாலையில் போகும் படகுக்கோ கனம் கூடாது. இருந்தால் கார் இழுக்கத் திணறும். பிரேக் போட்டாலும் சட்டென்று நிற்காது.

கனம் வேண்டும், கனம் கூடவும் கூடாது! இதற்கு என்ன வழி?

பொம்மை சொல்லும் பாடம்

தஞ்சாவூர் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது எழுந்து உட்கார்ந்துவிடும். காரணம் என்ன? அதன் அடிப்பாகம் உருண்டை; கனம் எல்லாம் அடியில் இருக்கிறது. தலை லேசு.

படகும் அப்படித்தான். அடியில் வைக்கும் இந்தக் கனத்துக்கு 'அடிபாரம்' என்று பெயர். அடிபாரம் சரியாக இல்லாவிட்டால் அரசனின் கப்பலும் தப்பாது.

1628-ம் ஆண்டு சுவீடன் நாட்டு மன்னருக்காக 'வாசா' என்ற பெரிய போர்க்கப்பலைக் கட்டி முடித்தார்கள். அதில் 64 பீரங்கிகள் இருந்தன. கப்பலின் அடியில் சுமார் 120 டன் கற்களைப் போட்டிருந்தார்கள். புறப்படுவதற்கு முன்பு 30 பேரை மேல்தளத்தில் இங்கும் அங்கும் ஓடவிட்டுச் சோதனை செய்தார்கள். மூன்று முறை ஓடியதும் கப்பல் பயங்கரமாக ஆடியது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை!

ஆகஸ்டு 10-ந் தேதி கப்பல் புறப்பட்டது. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் ஒன்றரை கிலோ மீட்டர்கூடப் போகவில்லை. காற்று வீசியது. கப்பல் சாய்ந்தது. பீரங்கி வைத்த துவாரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. கப்பல் மூழ்கியது, சுமார் 30 பேர் மாண்டார்கள். மேலே இருந்த கனத்துக்கு அடியில் இருந்த கனம் ஈடுகொடுக்கவில்லை.

மூன்று குடமா? 33 குடமா?

சிறு படகு கட்டுகிறவர்கள் அடிபாரத்துக்குப் பல பொருள்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

500 கிலோ கனம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்து பார்ப்போம். ஈயமாக இருந்தால் மூன்று குட இடம் போதும். வார்ப்பிரும்புக்கு ஏறக்குறைய ஐந்து குட இடம் வேண்டும். சிமெண்டுக் கலவைக்கு 14 குடம். தண்ணீர் என்றால் 33 குடம்!

இடத்தைப் பார்த்தால் ஈயமே ராஜா. ஆனால் விலை அதிகம். அதோடு அது நஞ்சு. வீட்டில் உருக்கினால் அதன் புகை உடம்பைக் கெடுக்கும்.

இரும்பு மலிவு. ஆனால் துருப்பிடிக்கும். சிமெண்டில் இரும்புத் துண்டுகளைக் கலந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே ஈரம் புகுந்தால் இரும்பு துருவேறிப் பருக்கும், சிமெண்டு வெடிக்கும்.

மணல் மூட்டை எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் படகு சாயும்போது கட்டாத மூட்டை சாய்ந்த பக்கமே உருளும். காப்பாற்ற வேண்டிய மூட்டையே கவிழ்த்துவிடும்!

இவை எல்லாவற்றுக்கும் ஒரு குறை பொது. ஏரிக்குப் போகும்போதும் சுமக்க வேண்டும். திரும்பும்போதும் சுமக்க வேண்டும்.

ஏரியே கொடுக்கும் கனம்

தண்ணீருக்கு அந்தக் குறை இல்லை. அதை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். ஏரியிலேயே இருக்கிறது!

இந்த முறையில் பெயர் பெற்றது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த மேக்கிரகர் கம்பெனி. 1980-களில் அது 26 அடிப் படகு ஒன்றைக் கொண்டுவந்தது. படகின் எடை சுமார் 750 கிலோ. அடித்தளத்தில் ஒரு தொட்டி. அதில் ஏறக்குறைய 540 கிலோ தண்ணீர் பிடிக்கும்.

படகை ஏரியில் இறக்கி வால்வைத் திறந்தால் போதும். தண்ணீர் தானாக உள்ளே வரும். காற்று வேறு துவாரம் வழியாக வெளியேறும். தொட்டி நிரம்பியதும் இரண்டையும் மூடிவிட வேண்டும். வீடு திரும்பும்போது கரைச் சரிவில் படகை ஏற்றி வால்வைத் திறந்தால் தண்ணீர் வடிந்துவிடும். சாலையில் கார் இழுப்பது வெறும் படகைத்தான்.

இன்னொரு நன்மையும் உண்டு. படகில் ஓட்டை விழுந்தால் ஈயம் அதை ஆழத்துக்கு இழுக்கும். தண்ணீரோ தண்ணீருக்குள் மூழ்கடிக்காது.

கிணற்றுக் குடம்

"தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது கனம்?" என்று சிலர் கேட்கலாம்.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குப் பதில் தெரியும். நிறைந்த குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியாது. வெளியே வந்ததும் கை வலிக்கும். படகும் அப்படியே. முதலில் சற்று எளிதாகச் சாயும். மேலும் சாய்ந்து தொட்டியின் ஒரு பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே எழும்பும்போது அந்தக் கனம் படகைக் கீழே அழுத்தி நிமிர்த்தும்.

அரைக்குடம் ஆபத்து

ஆனால் ஓர் எச்சரிக்கை!

தொட்டி பாதி நிரம்பியிருந்தால் என்ன ஆகும்? தட்டில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் முழுவதும் சாய்ந்த பக்கமே ஓடும். படகிலும் அதுவே நடக்கும். சாயும் படகை அது இன்னும் சாய்க்கும். நிறைகுடம் தளும்பாது, அரைக்குடமே தளும்பும்.

தொட்டி காலியாக இருந்தாலும் ஆபத்துத்தான். தொட்டி நிரம்பாமல் பாய் விரிக்கக் கூடாது என்பது இத்தகைய படகுகளுக்கு முதல் விதி.

புதிய அடிபாரம் வைத்த படகை அலையில்லாத துறையில் சோதிப்பார்கள். உள்ளே ஆள் இருக்கக் கூடாது. கதவுகளை மூடி, பாய்மரத்தின் உச்சியில் கயிறு கட்டி, மரம் நீர்மட்டத்துக்கு வரும்வரை கரையிலிருந்து இழுப்பார்கள். பிறகு கயிற்றை விடுவார்கள். தஞ்சாவூர் பொம்மைபோல் எழுந்தால் படகு தேறியது. எழாவிட்டால் அதில் ஏறக் கூடாது.

அன்று வாசா கப்பலும் சோதனையில் உண்மையைச் சொன்னது. கேட்க ஆளில்லை.

ஈயம் வைத்தாலும், இரும்பு வைத்தாலும், தண்ணீர் வைத்தாலும் சோதனை சொல்வதைக் கேட்கிறவனே நல்ல படகோட்டி. குழந்தைகளைப் படகில் ஏற்றும் முன்பு அவன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: தொட்டி நிரம்பிவிட்டதா?