தாயின் உயிர் காக்கும் ஒன்பது மணிகள்

"பிள்ளை பிறந்துவிட்டது, தாயும் நலம்" என்னும் செய்தி வரும்வரை மருத்துவமனை வாசலில் காத்து நிற்கும் குடும்பத்தாரின் தவிப்பை நாம் அனைவரும் அறிவோம். குழந்தை பிறந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். இல்லையேல் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் பெருகித் தாயின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதைத் தடுக்கும் ஊசிமருந்து உருவான வரலாறு அறியத்தக்கது.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்துள்ளது பிட்யூட்டரி சுரப்பி. அதன் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை 1906-இல் ஆங்கிலேய அறிஞர் ஹென்றி டேல் கண்டறிந்தார். மாட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு பேறுகாலத்தில் பயன்படலாயிற்று. ஆனால் அச்சாற்றில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் வாசோபிரசின் என்னும் மற்றொரு ஹார்மோனும் கலந்திருந்தது. தாய்க்கு அது வேண்டாத துணை!

இச்சிக்கலை அவிழ்த்தவர் அமெரிக்க உயிர்வேதியியலர் வின்சென்ட் டு வீன்யோ. 1901-இல் சிகாகோவில் பிறந்த இவர், இளமையில் இன்சுலினில் உள்ள கந்தகத்தை ஆராய்ந்தவர். அக்கந்தகத் தேடலே பின்னர் இவரை ஆக்ஸிடோசினிடம் கொண்டு சேர்த்தது.

இவரும் இவருடைய குழுவினரும் இரு ஹார்மோன்களையும் பிரித்துத் தூய்மைப்படுத்தினர். ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனது. தஸ்பீஹ் மாலையை எண்ணிப் பாருங்கள்: வளையமும் அதன் நுனியில் ஒரு தொங்கலும் இருக்குமல்லவா? இங்கும் ஆறு மணிகள் வளையமாகவும், மூன்று மணிகள் தொங்கலாகவும் அமைந்துள்ளன. வளையத்தைப் பூட்டி வைப்பது இரு கந்தக அணுக்களின் பிணைப்பு.

வரிசையைக் கண்டறிந்ததோடு அவர் ஓயவில்லை. மணிகளைக் கோத்து, 1953-இல் அம்மாலையை ஆய்வகத்திலேயே உருவாக்கினார். செயற்கைப் பொருள் இயற்கையானதைப் போன்றே கருப்பையைச் சுருக்கியது, தாய்ப்பாலையும் சுரக்கவிட்டது. புரத வகை ஹார்மோன் ஒன்றை மனிதன் ஆக்கியது அதுவே முதன்முறை. 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1978-இல் அவர் மறைந்தார்.

இன்று ஆக்ஸிடோசின் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் வெப்பம் இதன் வீரியத்தைக் குறைத்துவிடும்; 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் பாதுகாக்க வேண்டும். பிரசவத்தை விரைவுபடுத்தக் கண்காணிப்பின்றி இதைச் செலுத்தினால் கருப்பை கிழியவும், சிசு மூச்சுத் திணறவும் கூடும்.

ஆகவே சகோதரிகளே, வலி வருவதற்கென வீட்டிலேயே ஊசி போட யாரையும் அனுமதியாதீர்கள். உயிர் காக்கும் மருந்தும் உரிய கையில் இருந்தால்தான் மருந்து.